பட்டதாரியும் நேர்முகப் பரீட்சையும்

பாலர் வகுப்பிலே கால்வைத்த நாள் முதலாகப் பட்டமளிப்பு விழா மேடையில் ஏறும் நாள் வரை மாணவர் ஒருவர் எழுதும் பரீட்சைகள் பலப்பல. ஐந்தாம் வகுப்பிற் புலமைப் பரிசிற் பரீட்சை, பின்னர்க் க. பொ. த. சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகத்திலே அரையாண்டுக்கொருமுறை வரும் பரீட்சைகள் என அவருடைய இளமையிற் பெரும்பகுதி வினாத்தாளின் முன்னே கழிகின்றது. இப்பரீட்சைகளுக்கெல்லாம் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. விடை எழுதுவோர் முகத்தை விடை திருத்துவோர் காண்பதில்லை. அவர் காண்பது சுட்டெண் ஒன்றையே. இவ்வாறு பதினாறு பதினேழு ஆண்டுகள் முகங்காட்டாது பரீட்சை எழுதிப் பழகிய ஒருவர், பட்டம் பெற்ற சில திங்களில், மூவரோ நால்வரோ அமர்ந்திருக்கும் அறை ஒன்றினுட் புகுந்து, தாளும் எழுதுகோலும் இன்றி, இருபது நிமிடங்களில் தம்மை இன்னாரெனக் காட்ட வேண்டியவராகின்றார். இதுவே நேர்முகப் பரீட்சை.

இப்பரீட்சைக்குப் பாடத்திட்டமும் இல்லை. கடந்தகால வினாத்தாள்களும் இல்லை. ஆதலின் இதனைப் பற்றிய கட்டுக்கதைகள் மிகுதி. தேர்வு பெறுதல் அதிர்ஷ்டம் என்பார் சிலர். செல்வாக்கு என்பார் சிலர். ஆங்கிலத்திற் சரளமாகப் பேசுவோர்க்கே வேலை என்பார் வேறு சிலர். இவற்றுள் ஓரளவு உண்மையும் இருக்கலாம். எனினும் இவற்றையே முழுவதும் நம்பும் பட்டதாரி, ஆயத்தஞ் செய்தலால் யாதும் பயனில்லையென்று கைகட்டி இருந்து விடுகின்றார். குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பெற்ற ஒருவரின் முதலாவது நேர்முகப் பரீட்சையை அவர் மட்டும் எதிர்நோக்குவதில்லை. அடகில் இருக்கும் தாயின் காப்பும், தம்பி தங்கையரின் படிப்பும் அவரோடு அவ்வறை வாயில்வரை செல்கின்றன. ஆகவே இப்பரீட்சை யாது, அஃது எவ்வாறு இன்றைய வடிவம் பெற்றது, அதற்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்தல் தகும் என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

பணிக்கு ஆளைத் தெரிந்தெடுத்தல் மிகப் பழைய பிரச்சினை. திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரங்களை ஆளைத் தேர்வோர்க்கென வகுத்தார். அவையறிதல், அவையஞ்சாமை என்னும் அதிகாரங்களோ அவைமுன் நிற்போர்க்கு உரியன. மேசையின் இருபுறத்தாரையும் அவர் மறந்திலர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி. பி. 919, 921) கிராம சபையின் வாரியங்களுக்கு உறுப்பினராவதற்குரிய தகைமைகளை விரித்துரைக்கின்றன. வயதெல்லை, நிலவுடைமை, கல்வி என்பவற்றோடு, முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவர் தேர்வுக்கு உரியரல்லர் என்னும் விதியும் அவற்றுட் காணப்படுகின்றது. கணக்குக் காட்டுதல் என்னும் இக்கருத்தைப் படிப்போர் மனத்தில் வைத்துக்கொள்வாராக. இக்கட்டுரை மீண்டும் அதனிடத்தே வந்து சேரும்.

பிற்காலத்தில் உத்தியோகங்கள் பெரும்பாலும் பரிந்துரையாலும் உறவாலும் வழங்கப்பட்டன. பிரித்தானியாவில் 1854ஆம் ஆண்டு வெளிவந்த நோர்த்கோட், திரவெலியன் அறிக்கை இம்முறையைக் கண்டித்து, யாவர்க்கும் திறந்த எழுத்துப் பரீட்சையே அரசாங்க சேவைக்கு வாயிலாதல் வேண்டும் என்றது. அக்கருத்து குடியேற்ற நாடுகளுக்கும் பரவிற்று. இலங்கையிற் சிவில் சேவை 1963ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டு நிருவாக சேவை தோன்றிய பின்னரும் போட்டிப் பரீட்சை நிலைத்தது. எனினும் எழுத்துத் தாள் அறிவைக் காட்டுமேயன்றி ஆளைக் காட்டாது என்னும் எண்ணத்தினால், எழுத்துப் பரீட்சையின் பின்னர் நேரிற் கண்டு பேசும் வழக்கமும் வேரூன்றிற்று.

ஆயினும் கண்டு பேசுதல் நம்பத்தக்க அளவுகோலா? அமெரிக்க உளவியலறிஞர் வால்டர் டில் ஸ்கொட் 1915ஆம் ஆண்டில் இவ்வினாவை எழுப்பினார். விற்பனைப் பணிக்கு விண்ணப்பித்தோர் 36 பேரை அநுபவம் மிக்க முகாமையாளர் அறுவர் தனித்தனியே கண்டு தரப்படுத்தினர். ஒருவர் மேல்நிலையில் வைத்தவரை மற்றொருவர் கீழ்நிலையில் வைத்தார். விண்ணப்பித்தோருட் பெரும்பாலாரைப் பற்றி அறுவர்க்கும் ஒருமித்த கருத்தில்லை. மனம் போனபடி வினவும் நேர்முகத்தின் குறை இதனாற் புலனாயிற்று. பின்னர் வந்த ஆய்வாளர் இக்குறையை நீக்க வழி தேடினர். எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே வினாக்களை ஒரே ஒழுங்கிற் கேட்டு, முன்னரே வகுத்த புள்ளித் திட்டத்தின்படி மதிப்பிடும் முறை இவ்வாறு உருவாயிற்று. இது கட்டமைக்கப்பட்ட நேர்முகம் எனப்படும். 1998ஆம் ஆண்டில் ஷ்மிட், ஹன்டர் என்போர் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். நேர்முக மதிப்பீட்டுக்கும் பின்னர் வேலையிற் காட்டிய திறமைக்கும் உள்ள இணைபுக் குணகம் கட்டமைக்கப்பட்ட முறையில் 0.51 எனவும், கட்டமைக்கப்படாத முறையில் 0.38 எனவும் அவர் கண்டனர். 2022ஆம் ஆண்டிற் சக்கெற்றும் அவர்தம் குழுவினரும் இவற்றை மீளக் கணித்து முறையே 0.42, 0.19 எனத் திருத்தினர். 1 என்பது முழுப் பொருத்தம், 0 என்பது தொடர்பின்மை. ஆகவே மிகச் சிறந்த நேர்முகங்கூட ஒருவரை முழுமையாக அளப்பதில்லை. எனினும் அதிர்ஷ்டச் சீட்டென்று தள்ளத்தக்கதும் அன்று.

இவ்வரலாற்றினாற் பட்டதாரி பெறும் முதற்பயன் இது: எவ்வகை நேர்முகத்துக்குச் செல்கின்றோம் என்பதை முன்னரே அறிதல் வேண்டும். இலங்கை அரசாங்கப் பதவிகளுக்கான அறிவித்தல்களில் இருவகை நேர்முகங்கள் குறிப்பிடப்படுவதுண்டு. பொது நேர்முகப் பரீட்சை என்பதிற் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. விண்ணப்பத்திற் கூறிய தகைமைகள் மெய்யானவையா என்று மூலப் பத்திரங்களைக் கொண்டு சரிபார்த்தலே அதன் நோக்கம். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சையிலோ ஒவ்வொரு தலைப்புக்கும் உரிய புள்ளிகள் வரையறுக்கப்பட்டிருக்கும். வர்த்தமானி அறிவித்தலை விண்ணப்பப் படிவத்துக்காக மட்டும் புரட்டிவிட்டு எறிந்துவிடுவோர் பலர். அதனை எழுத்தெழுத்தாகப் படித்தால் எதற்கு எத்தனை புள்ளி என்பதும், எப்பத்திரங்கள் வேண்டும் என்பதும் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயரும் பட்டச் சான்றிதழில் வேறோர் எழுத்துக் கூட்டலும் இருத்தல் நம்மிடையே அரிதன்று. இதனை நேர்முக நாளன்று கண்டுபிடித்துக் கலங்குவதினும், விண்ணப்பிக்கும்போதே கண்டு, பிரதேச செயலகத்திலே திருத்தத்துக்குரிய வழியை நாடுதல் அறிவுடைமை. மூலப் பத்திரங்களை ஒரு கோவையிலும் உறுதிப்படுத்திய பிரதிகளை மற்றொரு கோவையிலும், அறிவித்தலிற் கூறிய ஒழுங்கிலேயே அடுக்கி வைத்தல் நன்று.

இனி, வினாக்களுக்கு ஆயத்தஞ் செய்தல். இங்கே பட்டதாரிகள் பெரிதும் செய்யும் பிழை, இதனையும் மனனப் பரீட்சை என்று கருதுதல். பொது அறிவு நூல்களை இரவு பகலாக உருப்போடுவர். நாடுகளின் தலைநகர்களையும் அமைச்சர்களின் பெயர்களையும் நிரல்படுத்துவர். 1921ஆம் ஆண்டில் தோமஸ் எடிசன் தம்மிடம் வேலை தேடி வந்த பட்டதாரிகளுக்கு ஏறக்குறைய 150 வினாக்கள் கொண்ட பொது அறிவுத் தாள் ஒன்றை வைத்தார். அவ்வினாக்கள் பத்திரிகைகளில் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பின. அவ்வேளை அமெரிக்காவில் இருந்த ஐன்ஸ்ரைனிடம், அத்தாளில் உள்ளதெனக் கூறி, ஒலியின் வேகம் யாதென வினவினர். நூல்களில் எளிதிற் காணத்தக்க தகவல்களைத் தாம் நினைவிற் சுமப்பதில்லை என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார். கையடக்கத் தொலைபேசியிலே நொடிப்பொழுதில் எத்தகவலையும் பெறத்தக்க இக்காலத்தில் அவ்விடையின் வலிமை மேலும் கூடியுள்ளது. விண்ணப்பித்த பதவி, அந்நிறுவனம், நாட்டு நடப்பு என்பனபற்றி அடிப்படை அறிவு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் குழுவினர் அறிய விரும்புவது வேறொன்று. இவர் இதுவரை யாது செய்தார்? அதனை எவ்வாறு செய்தார்? நம்மிடம் வந்தால் எவ்வாறு செய்வார்? இவையே எல்லா வினாக்களுக்கும் அடியில் நிற்கும் வினாக்கள்.

எனவே நேர்முகப் பரீட்சை என்பது ஒருவர் தம் வாழ்வின் கணக்கைக் காட்டும் இடம் எனலாம். உத்தரமேரூர்ச் சபையார் கேட்ட கணக்கு பொன்னும் நெல்லும் பற்றியது. இன்றைய குழுவினர் கேட்கும் கணக்கு, கழிந்த ஆண்டுகளையும் கிடைத்த வாய்ப்புக்களையும் யாது செய்தாய் என்பது. கணக்கைக் காட்டுவதற்கு முன்னர் அதனை எழுதி வைத்திருத்தல் வேண்டும் அன்றோ?

"எனக்கு அநுபவம் இல்லையே, எதனைச் சொல்வது?" என்று புதிய பட்டதாரிகள் கேட்பர். இவ்வினா பெரும்பாலும் அடக்கத்தினால் எழுவதன்று. தம் செயல்களைத் தாமே நோக்காமையால் எழுவது. எடுத்துக்காட்டாகப் புவியியற் சிறப்புப் பட்டம் பெற்ற மாணவி ஒருவரைக் கற்பனை செய்வோம். அவர் விண்ணப்பித்ததோ வங்கி ஒன்றில் முகாமைத்துவப் பயிலுநர் பதவிக்கு. வலிகாமத்துக் கிணற்று நீரிலே நைத்திரேற்றுக் கலப்புப் பற்றி அவர் ஆய்வேடு எழுதியுள்ளார். "கிணற்றுக்கும் வங்கிக்கும் என்ன தொடர்பு?" என்று குழுவினர் வினவுகின்றனர். "பட்டத்துக்காகச் செய்தேன்" என்று அவர் விடையளித்தால் அக்கணக்கு அவ்வளவில் மூடப்படும். ஆனால் அவர் இவ்வாறு கூறுவாராயின்: "சுண்ணக்கல் நிலமாதலின் தோட்டங்களில் இடும் உரம் விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். இதனை அறிய 40 கிணறுகளின் நீரைப் பெற வேண்டியிருந்தது. தங்கள் கிணற்றைக் குறைகூற வந்தேன் என்று எண்ணித் தோட்டக்காரர் பலர் முதலில் மறுத்தனர். நான் பெறுபேற்றை அவர்களுக்கே முதலிற் காட்டுவதாக வாக்களித்து, அவ்வாறே செய்தேன். இறுதியில் 34 கிணறுகளின் நீர் கிடைத்தது. அட்டவணையில் என் பிழை ஒன்றைப் பின்னர்க் கண்டேன். மேற்பார்வையாளரிடம் நானே கூறித் திருத்தினேன்." இவ்விடையிலே நம்பிக்கையைப் பெறும் திறன், வாக்குத் தவறாமை, எண்களைச் சரிபார்க்கும் பழக்கம், பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவு என நான்கு பண்புகள் வெளிப்படுகின்றன. வங்கி தேடுவதும் இவற்றையே. தொடர்பைக் குழுவினர் தாமே கண்டுகொள்வர்.

இவ்விடையின் அமைப்பை நோக்குக. முதலில் நிலைமை, அடுத்துத் தமக்கிருந்த பொறுப்பு, பின்னர்த் தாம் செய்த செயல், முடிவில் விளைவு. இந்நான்கு உறுப்புக்களையும் கொண்டு பேசுதலை இக்கால நேர்முக வழிகாட்டிகள் பலவும் விதந்துரைக்கின்றன. ஒருவர் கடந்த காலத்திற் செய்ததே வருங்காலத்திற் செய்யப்போவதற்கு நல்ல அறிகுறி என்னும் கொள்கை இதன் அடிப்படை. ஆதலின் பட்டதாரி ஒரு கொப்பியை எடுத்து, தம் வாழ்வில் நிகழ்ந்த எட்டோ பத்தோ நிகழ்ச்சிகளை இம்முறையில் எழுதுவாராக. மாணவர் சங்கத்தின் பொருளாளராக இருந்தது, கோயில் திருவிழாவில் அன்னதானக் கணக்குப் பார்த்தது, தந்தையின் கடையில் நின்றது, அயற்பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தது, வெள்ளக் காலத்தில் இடைத்தங்கல் முகாமில் உதவியது ஆகிய யாவும் இதில் அடங்கும். ஒன்றிரண்டு தோல்விகளும் இதில் இடம்பெறல் வேண்டும். "உமது குறை யாது?" என்னும் வினாவுக்கு, "மிகக் கடுமையாக உழைப்பதே என் குறை" என்று கூறும் விடையைக் கேட்டுக் குழுவினர் சலித்துப் போயினர். மெய்யான ஒரு குறையையும், அதனைத் திருத்த எடுத்த முயற்சியையும் கூறுதலே தக்கது.

கணக்கு இருந்தாற் போதாது. அதனைக் கேட்போர் அறிவுக்கேற்ப எடுத்துரைத்தலும் வேண்டும். இதற்குக் கணிதமேதை இராமாநுசனின் வாழ்க்கை தக்க சான்று. எப். ஏ. பரீட்சையிற் கணிதம் ஒழிந்த பாடங்களிலே தவறிப் பட்டம் பெறாது வேலை தேடிய அவரிடம் இருந்தவை தம் கணித முடிவுகளை எழுதிய குறிப்பேடுகள் மட்டுமே. அவற்றைக் கையிற் கொண்டு 1910ஆம் ஆண்டில் திருக்கோயிலூரில் இராமசாமி ஐயரையும், பின்னர் நெல்லூரிலே கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவையும் கண்டார். இராமச்சந்திர ராவுக்கு முதலில் அவை விளங்கவில்லை. அதனை உணர்ந்த இராமாநுசன், கேட்பவர் அறிவுநிலையை அளந்து, எளிய முடிவுகளைக் காட்டத் தொடங்கி, படிப்படியாக அரியவற்றுக்கு அவரை அழைத்துச் சென்றார். கேட்டவர் ஐயம் நீங்கி ஆதரவாளரானார். 1912ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இராமாநுசன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். உலகம் போற்றும் மேதைக்கே கேட்போர் நிலையறிந்து பேசுதல் வேண்டியிருந்தது. அவையறிதலை முன்னும் அவையஞ்சாமையைப் பின்னும் வள்ளுவர் வைத்த முறையும் இதனையே நினைப்பூட்டுகின்றது. கேட்போரை அறிந்தவர்க்கு அச்சம் தானே குறையும்.

அவையை அறிதலாவது யாது? விண்ணப்பித்த நிறுவனம் யாது செய்கின்றது, யாருக்குப் பணி புரிகின்றது, அதற்கு இன்றுள்ள இடர்கள் யாவை என்பவற்றை அதன் ஆண்டறிக்கை, இணையத்தளம், பத்திரிகைச் செய்தி ஆகியவற்றாலும், அங்குப் பணிபுரியும் பழைய மாணவர் வாயிலாகவும் அறிதல். இவ்வாறு அறிந்தவர், "எம்மிடம் வினவ யாதேனும் உண்டா?" என்று இறுதியிற் கேட்கப்படும்போது வாளாவிரார். முதலாண்டிற் பயிற்சி எவ்வாறு அமையும், பணியிற் சிறந்தவர் என்று யாரைக் கருதுவீர்கள் என்பன போன்ற வினாக்கள், வேலையைப் பெறுவதோடு நில்லாது செய்யவும் எண்ணியவர் என்பதைக் காட்டும்.

மொழி பற்றியும் ஒரு சொல். 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரசாங்க நேர்முகத்துக்குச் செல்வோர் தாம் விண்ணப்பித்த மொழியிலே தெளிவுறப் பேசத் தயங்க வேண்டியதில்லை. தனியார் நிறுவனங்களிற் பெரும்பாலும் ஆங்கிலமே வழங்குகின்றது. தமிழிற் கற்ற கலைப் பட்டதாரிகள் இங்கேதான் மனந்தளர்கின்றனர். இவர்கள் அலங்கார ஆங்கிலத்தை நாடாது, தம் கொப்பியில் எழுதிய நிகழ்ச்சிகளையே சிறு சிறு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் அமைத்து, உரக்கச் சொல்லிப் பழகுதல் வேண்டும். தாம் செய்ததைச் சொல்லும்போது சொற்கள் ஓரளவு தாமே வரும். செய்யாததைச் சொல்லப் புகும்போதே நாத் தடுமாறும். வினா விளங்காவிடின், "மன்னிக்கவும், அவ்வினாவை மீண்டும் கூறுவீர்களா?" என்று கேட்டல் இழுக்கன்று. விடை தெரியாவிடின் தெரியாதென்று கூறுதலும் இழுக்கன்று.

பழகுதல் என்றோம். கண்ணாடி முன் நின்று பேசுவதினும், நண்பர் மூவரைக் குழுவினராக இருத்தி, அவரை இரக்கமின்றி வினவச் செய்தல் பயன் மிகுதி. ஒருமுறை பேசியதைத் தொலைபேசியிற் பதிந்து கேட்டால், "வந்து", "அதாவது" என்னும் சொற்களை எத்தனை முறை கூறுகின்றோம் என்பது வியப்பைத் தரும். உடை தூய்மையாகவும் அடக்கமாகவும் இருத்தல் போதும். கடன்பட்டு வாங்கிய உடை உடலையும் உள்ளத்தையும் இறுக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவுப் பேருந்திலே துயிலின்றிச் சென்று விடியலில் இறங்கி, அப்படியே நேர்முக அறைக்குட் புகுவதினும், இயலுமாயின் முன்னாளே சென்று உறவினர் வீட்டிலே தங்குதல் நலம். 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலம் முதல் இணையவழி நேர்முகமும் பெருகியுள்ளது. அதற்கு அமைதியான அறை, முகத்தின் முன்னிருந்து வரும் ஒளி, முன்னரே சோதித்த இணைப்பு என்பன வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டால் உடனே அழைத்துக் கூறத்தக்க தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

சில வினாக்கள் மனத்தைச் சுடும். "பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆயின, இதுவரை என்ன செய்தீர்?" என்பது அவற்றுள் ஒன்று. வேலை கிடைக்காமை குற்றமன்று. அதனை மறைக்கப் பொய் புனைதலே குற்றமாகும். தனியார் கல்வி நிலையத்திற் கற்பித்தேன், சிங்களம் கற்றேன், நோயுற்ற தந்தையைப் பராமரித்தேன் என்று உள்ளதை உள்ளவாறு கூறுக. பெண் விண்ணப்பதாரரிடம் திருமணம் எப்போது என்று வினவுவோரும் உளர். அவ்வினா பதவிக்குப் புறம்பானது. "இப்பதவியின் பொறுப்புக்களை முழுமையாக ஏற்க ஆயத்தமாக இருக்கின்றேன்" என்று அமைதியாகக் கூறி, பேச்சைப் பணியின்பாற் திருப்புதல் நயமும் மானமும் ஒருங்கே உடைய விடையாகும்.

இத்தனையும் செய்தவர்க்கு வேலை உறுதியோ எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். ஓரிடத்துக்கு நூற்றுவர் போட்டியிடுமிடத்துத் தொண்ணூற்றொன்பதின்மர் திரும்புதல் கணக்கின் இயல்பு. 1971ஆம் ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, நமது கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள வேலைகளுக்கும் இடையே பொருத்தமின்மை இருப்பதை எடுத்துக்காட்டிற்று. 2017ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் வீதியோரத்திலே அமர்ந்து பல நாள் போராடினர். அவர்கள் யாவரும் நேர்முகத்திற் பேசத் தெரியாதவர் என்று எவரும் கூறத் துணியார். வேலைகளை உண்டாக்குதல் நாட்டின் கடமை. தனியொருவர் திறமையால் அக்கடமை தீர்ந்துவிடாது. இவ்வுண்மையை உணர்ந்தவர், தெரிவு செய்யப்படாதபோது தம்மைத் தாழ்த்திக்கொள்ளமாட்டார். அன்று மாலையே கேட்கப்பட்ட வினாக்களையும் தாம் கூறிய விடைகளையும் கொப்பியில் எழுதி, தவறியவற்றை அடுத்த முறைக்குத் திருத்துவார். பாடத்திட்டம் இல்லாத இப்பரீட்சைக்கு அக்கொப்பியே அவர் தாமாக ஆக்கிக்கொள்ளும் பாடநூல்.

மாணவ அன்பர்களே, இக்கொப்பியைப் பட்டம் பெற்ற பின்னர்த் தொடங்க வேண்டும் என்பதில்லை. கல்லூரியில் இருக்கும்போதே ஒரு சங்கத்தின் பொறுப்பை ஏற்று அதனைச் செவ்வனே முடிப்பவர், தமது முதலாவது நேர்முகப் பரீட்சைக்கு இன்றே ஆயத்தஞ் செய்கின்றார். சொல்லத்தக்க செயல் உள்ளவர்க்குச் சொல் கிடைத்துவிடும். செயலின்றிச் சொல்லை மட்டும் தேடுவோர்க்கு எவ்வழிகாட்டி நூலும் துணை செய்யாது. கணக்கை நாள்தோறும் எழுதி வருவோர், அதனைக் காட்டும் நாளை அஞ்சவேண்டியதில்லை.